ஆறு விநாடித் தாய்மாமன்கள்

நாங்கள் வீடியோக்களை ஓடவிடும் விளம்பரத் தளம் தன் புதிய வசதிகளை அறிவித்தது ஆடி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகாலுக்கு நான் கணினியைத் திறந்தபோது திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது. அதற்குள் பலூன்கள் பறந்தன. உங்கள் வீடியோ விளம்பரங்கள் இனி உங்களுக்காகச் சிந்திக்கும் என்று எழுதியிருந்தது. கீழே 'அருமை, தொடங்கலாம்' என்று ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்று சொல்வதற்குப் பொத்தான் இல்லை. அருமை என்று ஒத்துக்கொண்டால்தான் அன்றைய வேலையைத் தொடங்க முடியும். நான் ஒத்துக்கொண்டேன்.

இந்தத் தளம் எதையாவது மாற்றும்போதெல்லாம் கிழமை, நேரத்தோடு எழுதிவைப்பது என் வழக்கம். ஏனென்றால் அது தன் பழைய முகத்தை எங்கும் பதிந்துவைப்பதில்லை. போன மாதம் இடது ஓரத்தில் இருந்த பொத்தான் இந்த மாதம் வலது மூலையில் இருக்கும். பிறந்ததிலிருந்தே அங்குதான் இருந்ததுபோல உட்கார்ந்திருக்கும். படையெடுத்து வந்தவன்கூடத் தான் மாற்றியதைக் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனான். இவர்கள் ஒரு வரி விட்டுவைப்பதில்லை.

அன்று அறிவித்த வசதிகள் மூன்று. நாம் ஏற்றும் நீளமான வீடியோவை அதுவே வெட்டி, 'சிறந்த தருணம்' என்று தான் நினைக்கும் இடத்தை எடுத்து ஆறு விநாடிப் படங்களாக்கும். அப்படி வெட்டியவற்றில் எதை யாருக்குக் காட்டுவது என்பதையும் அதுவே தீர்மானிக்கும். பின்னணி இசை மந்தமாக இருப்பதாக அதற்குப் பட்டால் அதையும் மாற்றும். மூன்றும் ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருந்தன. வீட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே வந்து கட்டிலை நகர்த்திப் போடுகிறவனை நாம் வேறு பெயர் சொல்லி அழைப்போம். இங்கே அதற்கு வசதி என்று பெயர்.

இசை மாற்றுவதை மட்டும் அணைத்தேன். அதன் பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வெட்டும் வசதியின் பொத்தான் 'மேலும்' என்ற சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மடிப்பைத் திறந்து பார்க்கவில்லை. பின்னால் நடந்தவற்றில் என் பங்கு அது.

நான் வேலை பார்க்கும் கடை வில்லாபுரத்தில் இருக்கிறது. முன்பு அது ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், பிறந்தநாள் என்று எல்லாவற்றுக்கும் ஆளுயரப் பலகை அடித்துக் கொடுத்தோம். பலகை வைக்க அனுமதி கிடைப்பது சிரமமானதும் முதலாளி வீடியோவுக்கு மாறினார். வீட்டு விசேஷ அழைப்பையே முப்பது விநாடி விளம்பரமாக்கி, பத்திரிகை வைக்கும் பட்டியலில் இருக்கும் கைபேசி எண்களைத் தளத்தில் ஏற்றினால், சொந்தக்காரர்கள் போனில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் நடுவில் அழைப்பு வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் முதலாளி. மோட்டார் விற்பதற்கும் கடன் கொடுப்பதற்கும் செய்யப்பட்ட இயந்திரத்தைக் காதுகுத்துக்குத் திருப்பிவிட்டதில் அவருக்குப் பெருமை உண்டு. எனக்கும் கொஞ்சம் இருந்தது.

ஃபிளெக்ஸ் காலத்தில் எழுதப்படாத சட்டங்கள் பல. யார் முகம் எந்த வரிசையில், யார் கும்பிட்டபடி, யார் போன் பேசியபடி, சித்தப்பாவைவிடத் தாய்மாமன் எத்தனை விரற்கடை பெரிது. ஒரு முகம் சுருங்கினால் ஒரு குடும்பம் பந்தியில் உட்காராது. அதனால் அச்சுக்குப் போகும் முன் மாதிரியைத் தாளில் எடுத்து இரண்டு தரப்பாரிடமும் கையெழுத்து வாங்குவோம். வீடியோவுக்கு மாறிய பிறகும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை. காட்சி காட்சியாகப் படம்பிடித்துத் தாளில் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே எத்தனை விநாடி என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். "வீடியோவுக்கு எதுக்குண்ணே பேப்பரு?" என்று முதலாளி சிரிப்பார். கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் சண்டை வராது என்பது என் நம்பிக்கை. இருபது வருடம் அது பொய்க்கவில்லை.

ஆவணி பிறந்த இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தார். தெற்குவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர். மகளுக்குக் காதணி விழா. கையில் மூன்று படங்கள் வைத்திருந்தார்: குழந்தையுடையது ஒன்று, உடன்பிறந்தவர்களுடையது இரண்டு. மூத்தவர் கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இளையவர் சோழவந்தானில் வெற்றிலைக் கமிஷன் மண்டி நடத்துபவர். அப்பா இறந்தபின், வீட்டை இரண்டாகப் பிரிக்கும் சுவர் எங்கே வரவேண்டும் என்பதில் இருவருக்கும் பேச்சு நின்று நான்கு வருடமாகியிருந்தது. நடுவில் பிறந்த இவர் இரண்டு பேரிடமும் மாறி மாறி நடந்து, விழாவுக்கு வரச் சம்மதம் வாங்கியிருந்தார். வலது காது குத்தும்போது குழந்தை பெரிய மாமன் மடியில். இடது காதுக்குச் சின்ன மாமன் மடியில்.

"மடி ரெண்டு, காது ரெண்டு. அம்புட்டுத்தாண்ணே ஏற்பாடு," என்றார். "வீடியோலயும் அப்பிடித்தான் இருக்கணும். பெரியவருக்கு நாலு செகண்டுன்னா சின்னவனுக்கும் நாலு. கூடக் கொறைய வந்துச்சுன்னா எம் பிள்ளையத் தூக்கி உக்கார வைக்க மடி இருக்காது."

நாலுக்கு நாலு என்றே செய்தேன். பெரியவருக்கு நீலப் பின்னணி. சின்னவருக்கும் அதே நீலம். இருவரும் கும்பிட்டார்கள், இருவருக்கும் கழுத்துவரை ஒரே உயரம். தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணே இரண்டு ஊருக்கும் போய்வந்தார். கப்பலூர்க் கையெழுத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தது. சோழவந்தான்காரர் இரண்டு முகத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, வீடியோவைப் போனில் ஓடவிட்டு நேரமும் பார்த்தபிறகே கையெழுத்துப் போட்டாராம். அவரை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது.

விழாவுக்கு முந்தைய திங்கட்கிழமை காலை விளம்பரத்தை ஓடவிட்டோம். புதன்கிழமை ஒன்பதேமுக்காலுக்குக் கடைப் போன் அடித்தது.

"யாருய்யா அந்தக் காதுகுத்து வீடியோ போட்டது?"

"நான்தான். நீங்க யாரு பேசுறது?"

"சோழவந்தான் மாமன் பேசுறேன். எம் மூஞ்சி எங்கய்யா?"

"பதினாலாவது செகண்ட்ல வருதேங்க."

"பதினாலா? ஒன் வீடியோவே ஆறு செகண்டுதான் ஓடுது. எங்கண்ணன் கும்புடுறான், அனைவரும் வருகங்கிறான், முடிஞ்சுபோச்சு. திங்கக்கெழமையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். பாட்டுக் கேட்டா வாரான், சமையல் வீடியோ பாத்தா வாரான், கிரிக்கெட் பாத்தா வாரான். கையெழுத்து வாங்கிட்டு ஏமாத்துறீகளோ?"

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மூத்தவர் சத்தம் போடவில்லை. அன்று பதினொரு மணிக்குத் தங்கையை அழைத்து, பட்டறையில் அவசர வேலை கிடப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை வர முடியாதென்றும் சொல்லியிருக்கிறார். என்னண்ணே காரணம் என்று இவர் அழுத்திக் கேட்டதற்கு, "அதான் மாமன் ஒருத்தன் போதும்னு ஊருக்கே காட்டியாச்சுல்ல," என்றாராம். அவர் போனில் மூன்று நாளாகச் சின்னவர் மட்டும் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். தன் போனை என் மேசைமேல் வைத்தார். அதில் முப்பது விநாடியும் முழுதாக வந்தது. மறுபடி வந்தபோது குழந்தை மட்டும் வந்தது.

நான் மடிப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஆறு விநாடிப் படங்கள் மூன்று செய்து வைத்திருந்தது. ஒன்றில் குழந்தை. ஒன்றில் பெரிய மாமன். ஒன்றில் சின்ன மாமன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய நட்சத்திரம், சிறந்த தருணமாம். ஒரு குடும்பம் நான்கு வருடம் கழித்து ஒன்றுசேர்வதைக் கத்தரித்து மூன்று துண்டாக்கி, துண்டுக்கொரு நட்சத்திரம் ஒட்டியிருந்தது.

"ஆளுக்கு ஒண்ணாக் காட்டும்மா இது," என்றேன். "அதுவாப் பிரிச்சுக்கிருது."

"பத்திரிகைய ஆளுக்கொரு மாதிரி அடிச்சுக் குடுப்பாங்களாண்ணே எங்கயாவது?"

ஃபிளெக்ஸ் என்றால் இரண்டு பேரையும் அதன் கீழே கொண்டுபோய் நிறுத்தி, நீயே பார் என்று சொல்லலாம். ஊரே பார்க்கும்; ஒன்றையே பார்க்கும். இங்கே ஒருவர் கண்ணில் பட்டதை இன்னொருவருக்குக் காட்ட வழியில்லை. காட்டப்போனால் அது வேறொன்றாக வரும். புகார் சொல்கிறவன் பொய்யனாகத் தெரிவான். இப்படியொரு பொருளைச் செய்துவிட்டு அதற்குப் பலூன் பறக்கவிடுகிறார்கள்.

முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. "ரெண்டு பேருக்கும் ஒரு மன்னிப்பு வீடியோ போட்டு விட்ருவோம்ணே. இன்னைக்கே ஓட விட்ரலாம்." அதையும் ஆறு விநாடியாக வெட்டி, மன்னிப்பு என்ற சொல் வருவதற்கு முன்பே முடித்துவிடும் என்று நான் சொன்னபிறகு அவர் டீ வாங்கப் போனார்.

தளத்தின் சார்பில் எங்களைக் கவனித்துக்கொள்ள ஓர் இளைஞர் உண்டு. பெங்களூரிலிருந்து பேசுபவர். மூன்று மணிக்கு அவரைப் பிடித்தேன்.

"சார், உங்க கேம்பெயின் சூப்பரா பெர்ஃபார்ம் பண்ணுது சார்!" என்றுதான் தொடங்கினார்.

"தம்பி, மாமன் ரெண்டு பேரும் விழாவுக்கு வரமாட்டேங்குறாங்க."

"சாரி சார், எந்த மாமன்?"

விளக்கினேன். மறுமுனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது.

"சார், தனி ஆள் பத்தி எங்களால சொல்ல முடியாது, பிரைவசி. ஆனா சோழவந்தான் ஏரியால அந்தக் குறிப்பிட்ட கிளிப்புக்கு செம என்கேஜ்மென்ட் சார். யாருமே ஸ்கிப் பண்ணல. திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க. அதான் சிஸ்டம் அங்க அதையே அதிகமா காட்டுது. கப்பலூர்ல இன்னொரு கிளிப் அதே மாதிரி. ஆடியன்ஸ் லவ் பண்றாங்க சார்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் முறை எது யாருக்குப் போனதென்பது தற்செயல். தன் முகம் இல்லாததைக் கண்ட சின்னவர், தாண்டிப் போகாமல் கடைசிவரை பார்த்திருக்கிறார். நம்ப முடியாமல் மீண்டும் பார்த்திருக்கிறார். மண்டியில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அவர்களும் வீட்டுக்குப் போய்த் தங்கள் போனில் அதையே பார்த்திருக்கிறார்கள். வயிற்றெரிச்சலோடு பார்ப்பதற்கும் ஆசையோடு பார்ப்பதற்கும் அந்த இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது. கண் திரையில் நின்றால் போதும், இன்னும் கொஞ்சம் ஊற்றும். கப்பலூரிலும் இதுவே நடந்திருக்கிறது. கோள்மூட்டி வேலையைக் கூலி வாங்காமல் செய்திருக்கிறது. இல்லை, கூலியும் வாங்கிக்கொண்டுதான் செய்தது.

"அந்த வெட்டுற வசதிய நிப்பாட்டிட்டேன் தம்பி," என்றேன்.

"ஐயோ சார், அதை ஆஃப் பண்ணா ரிசல்ட் டவுன் ஆகும். இன்னும் ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க, சிஸ்டம் கத்துக்கும்."

"காதுகுத்து இந்த ஞாயித்துக்கெழமை."

"ஓகே சார், கங்கிராட்ஸ்!" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை நானும் அந்தப் பெண்ணும் ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்துச் சோழவந்தானுக்குப் போனோம். கையெழுத்துத் தாள் என் பைக்குள் இருந்தது. தேனூர் தாண்டியதும் அவர், "இவன் வந்துட்டா அவரு வந்துருவாருண்ணே. இவன் வரலைன்னா ரெண்டு பேருமே இல்ல," என்றார்.

மண்டியில் ஈரச்சாக்குகளுக்கு நடுவே சின்னவர் வெற்றிலைக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். தாளை நீட்டினேன். வாங்கி, தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"எங் கையெழுத்துத்தான். நான் பாத்தது இது இல்லையே. நீங்க பேப்பர்ல ஒண்ணு காட்டுறீங்க, போன்ல ஒண்ணு விடுறீங்க."

"அது மிஷினு பண்ணுன வேலை, தம்பி."

"மிஷினுக்கு எங்கண்ணனத் தெரியுமாக்கும்? யாரோ சொல்லித்தானே செய்யும்?"

இருபது வருட நம்பிக்கை அந்தத் தாளோடு அங்கேயே ஈரச்சாக்கின்மேல் கிடந்தது. இயந்திரம் தற்செயலாகச் செய்தது என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. எனக்கே சொல்ல வெட்கமாக இருந்தது. முட்டாள்தனத்தைவிடச் சதியை நம்புவது மனிதனுக்கு எளிது. சதியில் தனக்கு ஒரு மரியாதையாவது இருக்கிறது.

அந்தப் பெண் ஓரமாக ஒரு கூடைமேல் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை, எரிந்து விழுந்தார்.

"ஒனக்கு அவரு மூஞ்சி வந்துச்சுன்னு குதிக்கிற. அங்க அவருக்கு ஓம் மூஞ்சி வந்துச்சுன்னு அவரு குதிக்கிறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்னதாண்டா செய்ய?"

சின்னவரின் கை வெற்றிலைக் கட்டில் நின்றது.

"யாருக்கு எம் மூஞ்சி?"

"அண்ணனுக்குத்தான். மூணு நாளா நீ மட்டும் கும்புட்டுக்கிட்டே வாரியாம். பட்டறையில போனத் தொறந்தா நீ. வீட்டுல தொறந்தா நீ."

"நான் மட்டுமா?"

"நீ மட்டும்தான்."

"எம்புட்டுத் தடவை இருக்கும்க்கா?"

"நானென்ன கூட இருந்து எண்ணுனனா? ஒரு நாளைக்கு இருவது தடவை இருக்கும். மதினி சொன்னா, நேத்து அவரு போனத் தூக்கிக் கட்டில்ல எறிஞ்சுட்டாராம்."

சின்னவர் குனிந்து இரண்டு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். முகத்தை எங்களுக்குக் காட்டாமல் அதைச் செய்தார். தோள் குலுங்கியது. அழுகையல்ல, சிரிப்பு.

"நாலு வருசமா எம் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்ன மனுசன்," என்றார். "நல்லா வேணும்."

பிறகு என்னிடம் திரும்பினார். "அண்ணே, அங்க ஓடுறத மட்டும் நிப்பாட்டாதீங்க. சனிக்கெழமை வரைக்கும் கப்பலூர்ல நான் கும்புட்டுக்கிட்டே இருக்கேன்."

அது என் கையில் இல்லை என்றும், எதை யாருக்கு எங்கே காட்டுவது என்பதைப் பணம் கட்டுகிற நாங்கள் சொல்ல முடியாது என்றும், எப்படியும் நேற்றே நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னேன். "இதக்கூடச் செய்ய முடியாதா? பெறகு என்னத்துக்கு அம்புட்டுப் பெரிய மிஷினு?" என்றார். தளத்தைப் பற்றி நான் கேட்ட சரியான மதிப்பீடு அது. அக்காவிடம், "வாரேன்னு சொல்லு. எனக்கும் அவரு மூஞ்சிதான் வந்துச்சுன்னு அவருகிட்டச் சொல்லு. சமமாப் போச்சு," என்றார்.

அந்தச் செய்தியைக் கப்பலூரில் அந்தப் பெண் எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் கூடப் போகவில்லை. பட்டறையின் அவசர வேலை வெள்ளிக்கிழமை மாலையோடு முடிந்துவிட்டது என்று மட்டும் அறிந்தேன்.

சனிக்கிழமை தளத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் காதுகுத்து விளம்பரம் மக்கள் மனதைத் தொட்டுவிட்டதாகவும், நிறுத்தி வைத்திருக்கும் வசதியை மீண்டும் இயக்கினால் இன்னும் ஆழமாகத் தொடும் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு சண்டையின் அளவை எடுத்து, அதற்குத் தொடுதல் என்று பெயர் வைத்திருந்தார்கள். முழுதாக இரண்டு முறை படித்தேன். அதையும் ஆர்வம் என்று எங்காவது குறித்துக்கொண்டிருப்பார்கள்.

விழா ஞாயிற்றுக்கிழமை, அவனியாபுரம் சாலையில் ஒரு மண்டபத்தில். பத்து மணிக்கு மூத்தவர் சீர்த்தட்டுகளோடு வந்து மேடைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்து இளையவர் வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். தட்டுகளை இரண்டு தரப்பும் எண்ணின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் ஒரே அளவு சந்தனம் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது காது, மூத்தவர் மடியில், தேன் தடவிய விரலைக் குழந்தை சப்பிக்கொண்டிருக்கும்போதே முடிந்தது. வலி தெரிந்தபிறகு குழந்தை மண்டபம் அதிரக் கத்தியது. இளையவர் மடிக்கு மாற்றினார்கள். இப்போது அதற்கு விஷயம் தெரியும். ஆசாரியின் கையை உதைத்தது. கம்பி கீழே விழுந்தது. இரண்டாவது முறையும் உதைத்தது. இளையவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்திருந்தார். காலைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்த மூத்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வேடிக்க பாக்குறியே, காலப் புடிண்ணே!"

மூத்தவர் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தார். "தலைய ஆட்ட விடாதடா," என்றார்.

ஆசாரி குத்திவிட்டார். புகைப்படக்காரர் இருவரையும் தன் பக்கம் பார்க்கச் சொல்லிக் கத்தினார். இருவரும் திரும்பவில்லை, குழந்தையின் காதில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அதுவரை கையில் இறுக்கிப் பிடித்திருந்த சந்தனக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்து நடந்தார்.

"எலையப் போடுங்க," என்றார்.